ஒளிபரப்பான மறுநாள் மதியம்

தொலைக்காட்சி சாப்பாட்டு நிகழ்ச்சியில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் யாரும் முதலில் கேட்பது, "அப்போ நல்லாச் சாப்பிட்டிருப்பீங்களே?" என்பதுதான். சாப்பிட்டேன், பெரும்பாலும் ஆறிப்போனதை. எனக்குக் கேமராவுக்கு முன்னால் வேலை இல்லை. எந்த உணவகத்தைப் படம்பிடிக்கலாம் என்று தேட வேண்டும், முன்கூட்டியே போய் இடத்தைப் பார்க்க வேண்டும், உரிமையாளரிடம் பேசிச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். படப்பிடிப்பு அன்றைக்கு எல்லாரையும் கட்டி மேய்ப்பதும் என் பொறுப்பு. ஒளிபரப்பான பிறகு உரிமையாளர்கள் கூப்பிடுவதும் என்னைத்தான். அவர்களிடம் இருந்த ஒரே எண் என்னுடையதுதான். நன்றி சொல்ல வந்த அழைப்புகளும் உண்டு, அழாத குறையாக வந்தவையும் உண்டு.

முதலில் கடை எப்படித் தேர்வாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்ப்பவர்கள் இதைத் தப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ருசி நன்றாக இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் ருசி திரையைத் தாண்டி வராது. ஆவி வரும், எண்ணெய் பொரியும் சத்தம் வரும், நிறம் வரும், கை வேகம் வரும். அதனால் ரெக்கி, அதாவது முன்கூட்டியே இடம் பார்க்க, போகும்போது நாக்கோடு சேர்த்துக் கண்ணையும் காதையும் வேலை வாங்குவோம். அடுப்புக்குப் பக்கத்தில் கேமராமேன் நிற்க இடம் இருக்கிறதா? உரிமையாளர் பேசுவாரா? பழுப்பாகக் குழைந்திருக்கும் பதார்த்தம் எவ்வளவு ருசியாக இருந்தாலும் திரையில் எடுபடாது. அற்புதமாகச் சமைத்துவிட்டு, கேள்வி கேட்டால் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் மனிதர்களைப் பட்டியலில் கீழே தள்ளியிருக்கிறோம். படமெடுக்க வசதியான நல்ல கடைகளில் ஒன்றுதான் நிகழ்ச்சியில் வருகிறது. இதைத் திரையில் எழுதிக் காட்ட எந்தச் சேனலும் சம்மதிக்காது, சரி.

படப்பிடிப்பு நாள் கடைக்குத் தண்டனை மாதிரி. ஒலிப்பதிவாளர் வந்ததும் முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தச் சொல்வார். சமையலறை அடுப்போடு அடுப்பாகக் காய ஆரம்பிக்கும். அடுத்து குளிர்சாதனப் பெட்டி. அதன் கம்ப்ரசர் ஓடுகிற உறுமல் மைக்கில் விழும் என்பதால் அதையும் நிறுத்துவார்கள். திரும்பப் போட மறந்தால் உள்ளே இருப்பது மொத்தமும் வீண். அதற்கு இந்தத் தொழிலில் பழைய உபாயம் ஒன்று உண்டு: நிறுத்தியவர் தன் வண்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பெட்டியைத் திறக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

ஒரே பதார்த்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வோம். தூரத்திலிருந்து ஒரு முறை, கைகளை மட்டும் ஒரு முறை, பாத்திரத்துக்கு மேலிருந்து ஒரு முறை. வாடிக்கையாகச் சாப்பிட வந்தவர் பொறுமையாக உட்கார்ந்திருப்பார், அவருக்கு முன்னால் இருக்கும் தட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன். கடைசியில் அரை நிமிடம் யாரும் அசையாமல் நிற்க வேண்டும், அந்த இடத்தின் வெறும் ஓசையை எடிட்டுக்காகப் பதிவு செய்வார்கள். தொகுப்பாளர் கண்ணை மூடி ரசித்துச் சாப்பிடும் அந்தக் காட்சியில் சூடாக இருப்பது விளக்கு மட்டும்தான்.

செய்முறையைச் சொல்லும்போது அநேகமாக எல்லாச் சமையல்காரர்களும் ஒரு பொருளை விழுங்கிவிடுவார்கள். எங்களுக்கும் தெரியும், கேட்டுக்கொள்ள மாட்டோம். அவர்கள் பிழைப்பு அது.

இதெல்லாம் ஒரு நாளோடு முடிந்துவிடும். கஷ்டம் ஒளிபரப்பான மறுநாள் மதியம் ஆரம்பிக்கிறது. பத்து நிமிடக் காட்சி கூட்டத்தைக் கூட்டுகிறது, ஆனால் ஒரு நாற்காலியைக்கூடக் கூட்டுவதில்லை. நாற்பது இருக்கைகள் இருக்கும் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உட்கார்ந்து எழ முக்கால் மணி நேரம், மதியச் சாப்பாட்டு நேரம் மூன்று மணி நேரம் என்றால், ஓர் இருக்கைக்கு நான்கு பேர், மொத்தம் 160 பேர். அதுவும் எந்த இருக்கையும் ஒரு நிமிடம்கூடக் காலியாக இல்லாவிட்டால். அன்றைக்கு 300 பேர் வந்தால் பாதிப் பேர் நின்றுவிட்டுத் திரும்புவார்கள், அல்லது உள்ளே இருப்பவர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள்.

கூட்டத்தைவிட மோசம், வருகிற அத்தனை பேரும் ஒரே பதார்த்தத்தைக் கேட்பது. சாதாரண நாளில் வேலை எல்லா அடுப்புகளுக்கும் பிரிந்துபோகும். டிவியில் வந்த பிறகு ஓர் அடுப்பு திணறும், மற்ற அடுப்புக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். கூட ஒரு ஆளைப் போட்டுச் சமாளிக்கலாமே என்று நானும் ஆரம்பத்தில் நினைத்ததுண்டு. ஆனால் முந்தின இரவே ஊறவைக்க வேண்டியதை மதியம் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மடங்காக்க முடியாது. பொரிப்பதில் இன்னொரு சிக்கல். எண்ணெய் 175, 180 டிகிரி செல்சியஸில் இருந்தால்தான் வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே பதமாகவும் வரும். அவசரத்தில் ஒரே ஈட்டில் அளவுக்கு மேல் போட்டால் சூடு சட்டென்று இறங்கும், போட்டது எண்ணெய் குடிக்கும். கொதித்து வற்ற வேண்டியதை அதே பாத்திரத்தில் இரட்டிப்பாக வைத்தால் ஆவி போகும் பரப்பு மாறாது, வற்ற எடுக்கும் நேரம் ஏறிவிடும். சமையல்காரர் வற்றுவதற்கு முன்னாலேயே இறக்கிவிடுவார். தொலைதூரத்திலிருந்து வந்தவர் சாப்பிட்டுவிட்டு, "டிவியில் காட்டின அளவுக்கு ஒன்றும் இல்லை" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். அவர் சாப்பிட்டது அந்தக் கடையின் வழக்கமான சாப்பாடே இல்லை.

இது எல்லா ஊரிலும் நடக்கிறது. தென்கொரியாவில் எஸ்பிஎஸ் சேனலில் 2018 முதல் 2021 வரை சிறு உணவகங்களைத் தூக்கி நிறுத்தும் நிகழ்ச்சி ஒன்று வந்தது, உணவகத் தொழிலதிபர் பெக் ஜோங்-வொன் நடத்தியது. அதில் சியோலின் ஒரு சந்தைப் பகுதியிலிருந்த யோன்டோன் என்ற சிறிய கடை பிரபலமானது. பொரித்த பன்றி இறைச்சிக் கடை. வாடிக்கையாளர்கள் இரவு முழுக்கத் தெருவில் காத்துக் கிடந்தார்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள் புகார் சொன்னார்கள், கடைசியில் 2019 முடிவில் கடை ஜேஜு தீவுக்கே இடம்பெயர்ந்தது. சமையலில் ஒரு குறையும் இல்லை, கூட்டம் தாங்காமல் போனது. பிரிட்டனில் 2004இல் சமையல் கலைஞர் கார்டன் ராம்சே தொடங்கிய நிகழ்ச்சி நொடித்துக்கொண்டிருந்த உணவகங்களைத் தேடிப் போனது. அவற்றில் பல பின்னால் மூடப்பட்டன. பழி நிகழ்ச்சிமேல் விழுந்தாலும், கடனும் வாடகையும் கேமரா வருவதற்கு முன்பே அங்கே இருந்தவை. ஒரு மாதக் கூட்டம் பல வருடக் கடனை அடைக்காது.

வாடிக்கைக்காரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தினமும் அதே மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு இப்போது இடம் கிடைக்காது. இரண்டு நாள் பார்ப்பார், மூன்றாவது நாள் அடுத்த தெருவுக்குப் போவார். புதிதாக வந்தவர் ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார், திரும்ப வர மாட்டார். கூட்டம் வடியும்போது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு பக்கமும் காலி. என்னைக் கூப்பிட்டுக் கோபப்பட்டவர்களில் பலர் கூட்டத்தின் நடுவில் கூப்பிடவில்லை, அது வடிந்த பிறகுதான் கூப்பிட்டார்கள்.

சமாளித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பார்த்த பொதுவான குணம், "தீர்ந்துபோச்சு" என்று தயங்காமல் சொல்லும் தைரியம். எத்தனை பேருக்குச் செய்ய முடியுமோ அத்தனை டோக்கன், அதற்கு மேல் கிடையாது. ஓர் அம்மா பதார்த்தங்களின் எண்ணிக்கையையே பாதியாகக் குறைத்துவிட்டார். இன்னொருவர் வழக்கமாக வருபவர்களுக்காக இரண்டு மேசைகளைக் காலையிலேயே ஒதுக்கி வைத்தார், வரிசையில் நிற்பவர்கள் முறைத்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒளிபரப்பு நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும் என்று எங்கள் அலுவலகத்தில் சண்டை போட்டிருக்கிறேன். எடிட் முடிந்து தேதி முடிவாவதற்குள் நேரம் ஓடிவிடும். கடைக்காரருக்குக் கிடைப்பது ஒரு நாள், சில சமயம் அதுவும் இல்லை.

முதல் பேச்சிலேயே மறுத்துவிட்ட ஒருவர் உண்டு. இலவச விளம்பரம்தானே என்று நான் இழுத்தேன். "தம்பி, இப்ப வர்றவங்களுக்கே ரெண்டு மணிக்கு மேல சோறு மிஞ்சாது. நீங்க கூட்டிட்டு வர்ற ஆளுக்கு நான் எதைப் போடறது?" என்றார். அவரை வற்புறுத்தச் சொல்லி எனக்கு மேலே இருந்தவர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை.

ஒளிபரப்பு ஒரு நாளோடு முடிவதில்லை என்பதையும் பின்னாளில் சம்மதக் கடிதத்தை நீட்டும்போதே சொல்லிவிடுவேன். அமெரிக்காவில் ஃபுட் நெட்வொர்க் சேனலில் 2007 முதல் தொடராக வரும் 'டைனர்ஸ், டிரைவ்-இன்ஸ் அண்ட் டைவ்ஸ்' நிகழ்ச்சியின் பழைய பகுதிகள் மறுஒளிபரப்பாகும்போதெல்லாம், அதில் வந்த கடைகளுக்குப் புதிதாக ஒரு கூட்டம் கிளம்பும். கடைக்காரருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், கூட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். நிகழ்ச்சிகள் இணையத்துக்கு வந்த பிறகு துண்டு வீடியோக்களுக்கு முடிவே இல்லை. வீடியோவில் இருக்கும் மாஸ்டர் வேலையை விட்டுப் போயிருப்பார், விலை ஏறியிருக்கும், அந்தப் பதார்த்தத்தையே நிறுத்தியிருப்பார்கள். வருகிறவர் செல்போனைத் தூக்கிக் காட்டி, "இதுதான் வேணும், இதே விலைக்கு" என்பார். கல்லாவில் இருப்பவர் எனக்குக் கூப்பிட்டு அந்த வீடியோவை நீக்கச் சொல்வார். அதை யார் ஏற்றினார்கள் என்பதே எனக்குத் தெரியாது. "விலை மாறிடுச்சுன்னு வாசல்ல எழுதி ஒட்டிடுங்க" என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல என்னிடம் வேறு யோசனை இல்லை.