அடிதடியிலிருந்து ஓசு வரை வந்தாயிற்று, தார்கோவ்ஸ்கியிடம் நிற்கிறேன்

ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை (1953) எங்கும் ஓட்டிவிடாமல், கைப்பேசியைத் தொடாமல், 136 நிமிடங்களும் ஒரே அமர்வில் பார்த்து முடித்துவிட்டேன். புரூஸ் லீ, ஜாக்கி சான் படங்களில் வளர்ந்து, இடைவேளைக்கு முன் இரண்டு சண்டையாவது இல்லாத படத்தைப் படமென்றே ஒப்புக்கொள்ளாதவனாக இருந்த எனக்கு இது பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி. ‘சாவதற்குள் பார்க்க வேண்டிய படங்கள்’ வகைப் பட்டியலை வைத்துக்கொண்டு முதல் எண்ணிலிருந்து தொடங்கும் வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அவற்றில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு படங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்குக் கைகொடுத்தது ஆள் பிடித்துப் போகும் வழி. ஒரு படம் பிடித்துவிட்டால், அதில் வேலை செய்த யாராவது ஒருவரைப் பின்தொடர்ந்து அவருடைய இன்னொரு படத்துக்குப் போய்விடுவேன்.

தொடக்கம் ரஜினிதான், வேறு யார்? ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தில் வின்ச் இயக்கும் காளி ஒரு கையை இழந்த பிறகு, யாரைப் பழிவாங்கப் போகிறான் என்று காத்திருந்தேன். உச்சக்கட்டத்தில் ஓர் அடிகூட விழவில்லை. தங்கை அண்ணனிடமே திரும்பி வந்து நிற்க, அவள் விரும்பும் இன்ஜினீயரை இப்போதும் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே காளி திருமணத்துக்குச் சம்மதிக்கிறான். எந்தச் சண்டைக்கும் குறையாத உடல் விறைப்பு அந்த இடத்தில் ரஜினியிடம் இருக்கிறது. அதன் ஒளிப்பதிவாளரைப் பிடித்துக்கொண்டு போனால் பாலு மகேந்திராவே இயக்கிய ‘வீடு’ (1988) வரும். பாட்டே இல்லாத படம். சிமெண்ட்டைத் திருடும் ஒப்பந்தக்காரர் அகப்படும் காட்சியில் எனக்குக் கை முறுக்கேறியது. பழைய பழக்கம் அவ்வளவு எளிதில் விடாது.

பலரும் தடுக்கி விழும் படி இதற்கு அடுத்ததுதான் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மெதுவாகப் போகும் படத்தைப் பொறுப்பது பெரிய வித்தையில்லை. நடப்பதைக் கண்ணில் காட்டாத படத்தைப் பொறுப்பதுதான் கடினம், ஏனென்றால் அடி விழுவதைப் பார்ப்பதற்குத்தானே நாம் சீட்டே வாங்கினோம்? இதற்கு இன்னொரு ஜப்பானிய இயக்குநரான அகிரா குரோசவாவைவிடத் தோதான ஆசான் கிடைக்கமாட்டார். ‘செவன் சாமுராய்’ (1954) 207 நிமிடப் படம். வாளும் குதிரையும் மழையும் நிறையவே உண்டு. ஆனால் சாமுராய்களின் தலைவராக வரும் நடிகர் தகாஷி ஷிமுரா முதன்முதலில் வாளைப் பயன்படுத்தும் இடத்தைக் கவனியுங்கள். குழந்தையைப் பிடித்து வைத்திருக்கும் திருடனை ஏமாற்றுவதற்காகத் தலையை மழித்துத் துறவி வேடம் போட்டுக்கொண்டு அவர் குடிசைக்குள் பாய்கிறார்; உள்ளே நடப்பது நமக்குக் காட்டப்படுவதில்லை. திருடன் வெளியே ஓடி வருகிறான், நிற்கிறான், மெதுவோட்டத்தில் சாய்கிறான். வெட்டு விழுந்ததை அவன் விழுவதிலிருந்துதான் நாம் தெரிந்துகொள்கிறோம்.

ஷிமுராவைப் பிடித்துக்கொண்டு ‘இகிரு’வுக்குப் (1952) போனால், அதே இயக்குநர் மறைக்கும் அளவைக் கூட்டியிருப்பார். புற்றுநோய் வந்த அலுவலர் ஒரு பூங்காவைக் கட்ட முடிவெடுத்து எழுந்த கொஞ்ச நேரத்திலேயே அவர் இறந்துவிட்டதாகக் குரல் அறிவிக்கிறது. அவர் போராடிய கதை முழுவதும் துக்க வீட்டில் குடித்துக்கொண்டிருக்கும் சக ஊழியர்களின் வாய்வழியாகத் துண்டுதுண்டாக வருகிறது. அந்தத் துக்க வீட்டில் பூங்காவின் பெருமையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்க்கும் துணை மேயராக நடித்தவர் நோபுவோ நகமுரா. அடுத்த ஆண்டு வந்த ‘டோக்கியோ ஸ்டோரி’யில் சிகையலங்காரக் கடை நடத்தும் மகளின் கணவர் இவரே, மாமனார் மாமியாருக்கென்று நல்ல பலகாரம் வாங்கி வந்து, இவ்வளவு விலையில் எதற்கு என்று மனைவியிடம் பேச்சு வாங்குகிறார். இந்தக் கண்ணியைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஓசுவிடம் மறைப்பு முழுமையாக இருக்கிறது. படத் தொடக்கத்தில், டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க மனைவியோடு கிளம்பும் முதியவர் காற்றுத் தலையணையைத் தேடுகிறார். உங்களிடம்தானே கொடுத்தேன் என்கிறார் மனைவி, இல்லை என்கிறார் இவர், பிறகு தன் பையிலேயே கண்டெடுக்கிறார். இதற்கு இவ்வளவு நேரம் கொடுக்கும் இயக்குநர், ஊர் திரும்பும் ரயிலில் அந்த அம்மாளுக்கு உடல் நலம் கெடுவதைக் காட்டுவதேயில்லை. ஒசாகாவில் இருக்கும் மகன் அலுவலகத்தில் பேசும்போதுதான் நமக்குத் தெரிகிறது. மரணமும் அப்படியே: காலை வரை தாங்காது என்று மூத்த மகன் சொன்னதும், விடியும் நேரத்து ஒனோமிச்சி ஊரின் ஆளற்ற காட்சிகள் சில வந்து போகின்றன, அதற்குள் எல்லாம் முடிந்திருக்கிறது. குடிசைக்குள் விழுந்த வெட்டைப் பார்க்காமலே ஏற்றுக்கொண்டவனுக்கு இது எட்டாத தூரமல்ல. பட்டியல்காரர்கள் ஓசுவை எடுத்த எடுப்பில் கையில் திணிப்பதைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

சப்டைட்டில் பற்றி ஒரு புலம்பல். நான் சந்தா கட்டும் தளம் ஒன்றில், உணர்ச்சி முகத்தில் வந்து போன பிறகுதான் எழுத்து வருகிறது. சண்டைப் படத்தில் இது உறைக்காது, ஓசுவில் ஒரு நொடி தவறினால் காட்சியே போயிற்று. வட்டில் இருக்கும் படமென்றால் விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளைத் தட்டி 50 மில்லிநொடி அளவில் முன்பின் நகர்த்திக்கொள்ளலாம், தளத்தில் அதற்கும் வழியில்லை. மலையாளத்தில் எம்சோன் என்ற ஆர்வலர் குழு உலகப் படங்களுக்கு மலையாள வசன வரிகளைச் செய்து இலவசமாகத் தருகிறது. தமிழில் அந்த அளவுக்கு ஒரு தொகுப்பு இன்னும் என் கண்ணில் படவில்லை.

இப்போது சிக்கிக்கொண்டிருப்பது ரஷ்ய இயக்குநர் ஆந்த்ரே தார்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979). குரோசவா ‘டெர்சு உசாலா’வை (1975) இதே படத்தைத் தயாரித்த சோவியத் நிறுவனமான மாஸ்ஃபிலிமில்தான் எடுத்தார் என்ற ஒரே பிடிப்பில் அங்கே தாவினேன், நிறுவனத்தைப் பிடித்துப் போவது ஆளைப் பிடித்துப் போவதைப் போல உதவவில்லை. மூவர் சிறு மோட்டார் வண்டியில் தண்டவாளத்தின் மேல் போகும் நீண்ட காட்சியில், சக்கரங்களின் தடதடப்பு கொஞ்சம் கொஞ்சமாக இசையமைப்பாளர் எதூவார்த் அர்தேமியேவின் மின்னணு ஒலியாக உருமாறுவது வரை சொக்கிப்போய்ப் பார்க்கிறேன். பழுப்பு போய் வண்ணம் வந்ததும் நடக்கத் தொடங்குகிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். எங்கும் ஆபத்து என்கிறார் வழிகாட்டி, அந்த ஆபத்து ஒரு முறையும் தலைகாட்டுவதில்லை. ஓசுவிடம் மறைக்கப்பட்ட நிகழ்ச்சி நடந்தது என்றாவது உறுதியாகத் தெரியும்; இங்கே மறைக்கப்பட்டதா, இல்லவே இல்லையா என்பதே பிடிபடாததால் எனக்குக் கண் சொருகிவிடுகிறது.

அதை முடிக்காமலேயே அடுத்த கண்ணியையும் எடுத்து வைத்துவிட்டேன். ஓசுவின் ஒளிப்பதிவாளர் யுஹாரு அட்சுதாவைத் தேடிப் போய் ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் எடுத்த ‘டோக்கியோ-கா’ (1985), அதிலிருந்து வெண்டர்ஸின் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ (2023), அதில் கழிப்பறைத் துப்புரவாளராக வரும் கோஜி யாகுஷோவைப் பிடித்தால் தகாஷி மீக்கேயின் ‘13 அசாசின்ஸ்’ (2010). கடைசியில் சொன்னது அசல் வாள்சண்டைப் படம். அதைப் பார்க்க எனக்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை.