மரீன் டிரைவ் உப்பும் பின்சில்லின் கறக்கறக்கும்

என் சைக்கிளை மிதிக்கும்போதெல்லாம் வந்த சத்தம் நின்றுவிட்டது. கொழும்பை அடுத்த தெஹிவளை மேம்பாலத்தில், செயினை முன்னாலுள்ள சின்னப் பல் சக்கரத்தில் போட்டு, எழுந்து நின்று உள்ள பலத்தையெல்லாம் கொடுத்து மிதித்தேன். செயின் ஓடும் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. "பொட்டம் பிராக்கெட்தான், வேறென்ன" என்று, பெடல் பூட்டிய கைகளான கிராங்குகள் சுழலும் நடு அச்சுத் தொகுதியின் மேல் ஆளுக்கு ஆள் பழி போட்டுத் தீர்ப்புச் சொன்னவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பொட்டம் பிராக்கெட் இல்லை.

அலுமினிய பிரேம், முன்னால் 50 பல்லும் 34 பல்லுமாக இரண்டு சக்கரம், பின்னால் சில்லை நெம்புகோலால் இறுக்கும் சாதாரண குயிக் ரிலீஸ். 2022 எரிபொருள் நெருக்கடியில் நகரமே சைக்கிளுக்கு மாறியபோது, சொன்ன விலைக்கு வாய் திறக்காமல் வாங்கிய வண்டி. எந்தக் காலால் மிதித்தாலும் மிதி கீழிறங்கும்போது ஒரு 'கறக்'. இருந்து மிதித்தாலும் நின்று மிதித்தாலும் அதேதான். ஆகவே சீற்றும் அதன் கம்பும் கணக்கிலிருந்து கழன்றன. கைபிடியில் பாரம் போடாமல் ஓடினாலும் வந்தது, முன்பக்கமும் போயிற்று. மிதிக்காமல் உருண்டால் சத்தமே இல்லை. ஸ்டாண்டில் ஏற்றிக் கையால் சுற்றினால் சாதுப் பிள்ளை.

இந்த நிலையில்தான் ஒரு கடையில் பொட்டம் பிராக்கெட்டை மாற்றித் தந்தார்கள். சோதித்துப் பார்ப்பதென்ற பேச்சே இல்லை. வண்டியைத் தூக்கிப் பார்த்ததும் முடிவு கட்டியாயிற்று. பணத்தைக் கொடுத்துவிட்டுக் காலி வீதியில் ஏறினேன், அடுத்த சிக்னல் வருவதற்குள் கறக். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டது நல்லதாகப் போயிற்று. விரலால் சுற்றிப் பார்த்தால் வழுவழுவென்று ஓடுகிறது. அது இப்போது என் உதிரிப் பெட்டியில் இருக்கிறது.

துப்புக் கிடைத்தது கியரில். கடலோரமாக ஓடும் மரீன் டிரைவில் தென்மேற்குக் காற்றை எதிர்த்துப் போகும்போது கவனித்தேன்: பெரிய பல்லில் சத்தம் மெல்லியதாக இருந்தது, சின்னப் பல்லுக்கு இறக்கினால் ஓங்கி ஒலித்தது. காலின் அழுத்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது செயினின் இழுவை. கிராங்கின் நீளம் மாறாதபோது பல் சக்கரம் சிறியதானால் அதே மிதிக்குச் செயின் கூடுதலாக இழுபடும். 50ஐ 34ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. பெடலோ கிராங்கோ குற்றவாளியென்றால் இவ்வளவு வித்தியாசம் தெரிந்திருக்காது. செயின் இழுக்கும் இடம், அதாவது பின்சில்லின் வலப்பக்கம்தான் முனகுகிறது.

அங்கே சந்தேக நபர்கள் சிலரே. பின்சில்லின் பல் சக்கர அடுக்கான கசெட்டின் பூட்டு வளையத்தை 40 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன், பயனில்லை. சில்லின் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களில் எண்ணெய் தொட்டு வைத்தேன், பயனில்லை. குயிக் ரிலீஸை மாற்றி, இறுக்கும் கேம் உள்ளே மறைந்திருப்பதால் பலமாகப் பிடிக்கும் பழைய பாணி இரும்புக் கம்பியைப் போட்டேன். சத்தம் குறைந்தது, ஆனால் போகவில்லை. அதுவே பெரிய செய்தி. இறுக்கிப் பிடித்தால் குறைகிறதென்றால், அந்தப் பிடிக்குள் அகப்பட்ட ஏதோ ஒன்றுதான் அசைகிறது.

இனித்தான் நான் சொல்ல வந்த வித்தை. காதை நம்பாதீர்கள். பிரேம் உள்ளே வெறும் குழாய். பின்னால் பிறக்கும் சத்தத்தைக் கொண்டுவந்து காலடியில் கொட்டிவிடும். பொட்டம் பிராக்கெட்டுக்கு இவ்வளவு கெட்ட பெயர் வந்ததும் அதனால்தான். சத்தத்தை விரலால் தேட வேண்டும். வண்டியைச் சுவரில் சாய்த்து, பின் பிரேக்கை இறுகப் பிடித்து, வலது கிராங்கை முன்னோக்கிக் கிடையாக வைத்து, பெடலில் ஏறி விட்டு விட்டு அழுத்தினேன். மனைவியின் தம்பி கீழே குந்தியிருந்து ஒவ்வொரு இணைப்பிலும் விரல் நுனியை வைத்துக்கொண்டு வந்தான். இரண்டு பாகங்கள் சேரும் கோட்டின் மேல், இரண்டையும் ஒருசேரத் தொடும்படி விரல் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் தொட்டால் அதிர்வு தெரியுமே தவிர நழுவல் தெரியாது. கிராங்கில் ஒன்றுமில்லை. கசெட்டில் ஒன்றுமில்லை. கியர் மாற்றி தொங்கும் ஹாங்கரில் கை வைத்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

"அத்தான், இது துடிக்கிறது."

இடம் மாறி நானும் தொட்டுப் பார்த்தேன். மயிரிழை அளவுதான், ஆனால் அழுத்தும்போதெல்லாம் ஹாங்கர் பிரேமின் மேல் ஒரு சறுக்குச் சறுக்கித் திரும்பியது.

வண்டி விழுந்தால் பிரேம் உடையாமல் தான் வளைய வேண்டும் என்பதற்காக ஹாங்கரை மென்மையான அலுமினியத்தில் தனித்துண்டாகச் செய்கிறார்கள். என் வண்டியில் குயிக் ரிலீஸின் நட்டு பிரேமைத் தொடுவதில்லை, ஹாங்கரின் முகத்தைத்தான் கடிக்கிறது. அச்சின் இழுவையில் பெரும்பங்கு அந்த இடுக்கு வழியாகப் போகிறது. திருகாணிகள் இரண்டும் குண்டுமணி அளவு. அலன் கீயை வெறுமனே நுழைத்துத் திருகினால் தலை வழுக்கி வட்டமாகிவிடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, தலைமயிர் உலர்த்தியால் சூடாக்கி, கீயைச் சிறு சுத்தியலால் தட்டி இறக்கிய பிறகுதான் திருகினேன். ஹாங்கர் கழன்றபோது அதன் முதுகில் வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து மே மாதம் தொடங்கி மரீன் டிரைவுக்குப் பறந்து வரும் உப்புச் சாரல் செய்த வேலை.

நைலோன் தூரிகையால் சுரண்டித் துடைத்து, பிரேமும் ஹாங்கரும் தொடும் முகத்தில் மட்டும் கிறீஸை மெல்லிய படலமாகப் பூசினேன். நட்டு கடிக்கும் வெளிமுகத்தில் பூசக்கூடாது, பிடி நழுவிவிடும். திருகாணிகளுக்கு நீல நிறப் பூட்டுத் திரவம் ஒவ்வொரு சொட்டு. பூட்டினேன், மேம்பாலம் ஏறினேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

கிறீஸைப் பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். படகு இயந்திரங்களுக்குப் போடும் நீர்தாங்கும் வகை. சைக்கிளுக்கென்று சின்னக் குழாயில் அடைத்து விற்பதை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். கழற்றிய ஹாங்கர் சற்று வளைந்திருந்ததால் புதியது தேடி டாம் வீதியில் அலைந்தது வீண். வண்டிக்கு வண்டி வடிவம் வேறு. என்னுடையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டியும் 'கிட்டத்தட்ட இதுபோல' ஒன்றைத்தான் நீட்டினார்கள். கிட்டத்தட்ட என்பது இங்கே உதவாது. எல்லோருக்கும் பொதுவான ஒரே வடிவம் 2019இல் வந்துவிட்டது, ஆனால் பழைய பிரேம்களுக்கு அதனால் என்ன பயன்? வெளிநாட்டிலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டாக.

அது வருமுன் யாழ்ப்பாணத்து வீட்டில் கிடக்கும் அப்பாவின் ராலே சைக்கிளை இங்கே கொண்டுவரும் யோசனை தலைக்கேறிவிட்டது. அதுவும் சத்தம் போடும், ஆனால் அதன் காரணத்தைத் தேட வேண்டியதில்லை: கிராங்கை அச்சோடு இறுக்கும் கொட்டர் பின் தேய்ந்திருக்கிறது. 9.5 மில்லிமீற்றர் பின் வாங்கி, சரிவை அரத்தால் இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் ராவி அடித்தால் போதும். பொட்டம் பிராக்கெட் கிண்ணங்களைத் தொடப்போவதில்லை. அங்குலத்துக்கு 26 திருகுப் புரி என்று ராலே தனக்கென வைத்திருந்த அளவு, கெட்டால் மாற்றுக்கு எங்கே போவது?

இப்போதைக்கு இந்த வண்டியில் மூன்றாம், நான்காம் கியர்கள் ஏறத் தயங்குகின்றன. கழற்றிய ஹாங்கரைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன், சற்று உள்ளே வளைந்திருக்கிறது. புதியதைப் பூட்டினாலும் நேராக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். அதை அளக்கும் கருவியை ஒரே ஒரு வேலைக்காக விலை கொடுத்து வாங்க மனம் வரவில்லை. வெள்ளவத்தைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் ஒரு பின்னேரத்துக்கு இரவல் தாருங்கள். கிறீஸ் டின்னில் பாதி உங்களுக்கு.