நாலு மணிக்குக் கிளம்புகிறவன்

9 நவம்பர் 2025, ஞாயிறு

மழைமானியில் மழை 31 மில்லிமீட்டர். மகனுக்கு லீவு. மத்தியானம் வரைக்கும் தூங்கினான். அவன் மோட்டார் சைக்கிளும் வாசலில் தூங்கியது. நானும் நன்றாகத் தூங்கினேன் என்று எழுத ஆசைதான். நாலு மணிக்கு முழிப்பு வந்துவிட்டது.

10 நவம்பர், திங்கள்

4.05க்குக் கிளம்பினான். மோட்டார் சங்கிலி தொங்கிப்போய்ச் சத்தம் போடுகிறது. சொன்னால் "சனிக்கிழமை பாக்குறேம்பா" என்கிறான். போன வாரமும் இதே சனிக்கிழமைதான்.

11 நவம்பர், செவ்வாய்

4.10. மழை 8.

பேப்பரில் மறுபடியும் புக்கிட் சாகார் படம், ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு ஓடப்போகும் ரயிலின் ஸ்டேஷன். வெட்டிப் பழைய செக்ரோல் புத்தகத்துக்குள், தோட்டத்து ஆட்களின் பெயர்ப்பதிவு அது, வைத்தேன். உள்ளே ஏற்கெனவே ஒரு கட்டு இருக்கிறது. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்ததில் காலை போய்விட்டது. 2018 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் கையெழுத்துப் போட்டபோது 2024 கடைசியில் ரயில் ஓடும் என்றார்கள். 2019இல் நிறுத்தி வைத்தார்கள். 2020 ஜூலையில் மறுபடியும் கையெழுத்து. இப்போது 2026 கடைசி. அவன் சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனதும் 2018தான். "ஆறு வருசம்தானே, பல்லக் கடிச்சிக்கிட்டு ஓட்டட்டும்" என்று என் மனைவி, இவள், சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏழாவது வருஷமும் முடியப்போகிறது.

கொரோனாவில் எல்லையை மூடினார்களே, அப்போது இருபது மாதம் அங்கேயே கிடந்தான். ஒரு அறையில் ஆறு பேர். போனில் முகத்தைப் பார்த்து இவள் அழுவாள். அந்த இருபது மாதமும் நான் ஒரு நாள்கூட நாலு மணிக்கு எழுந்ததில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

12 நவம்பர், புதன்

4.05. மழை இல்லை.

15 நவம்பர், சனி

இவளுடைய கண்ணாடி மாற்ற ஜேபி, அதாவது ஜொகூர் பாரு, போனோம். கண்ணாடிக் கடை எங்கள் ஊர் கூலாயிலேயே மூன்று இருக்கிறது. ஜேபிக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொன்னதற்குக் காரணம் இவளுக்குத் தெரியும். பஸ்ஸில் வாயைத் திறக்காமல் வந்தாள்.

ஜேபி சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்து புக்கிட் சாகார் ஸ்டேஷனைப் பார்த்தேன். படத்தில் பார்த்தது ஒன்றுமில்லை. அத்தனை பெரிசு. பக்கத்தில் நிற்கும் குடிநுழைவுக் கட்டடமே சிறுத்துப் போனது போலத் தெரிகிறது. "ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் மாதிரி இருக்கு" என்றாள் இவள். பஸ் நிற்கும் இடம், ரயில், இரண்டு நாட்டுக் குடிநுழைவு, எல்லாம் ஒரே இடத்தில். ஏறும் இடத்திலேயே இரண்டு முத்திரையும் முடிந்துவிடும், அந்தப் பக்கம் இறங்கி நேராக நடையைக் கட்டலாம். தண்டவாளம் 4 கிலோமீட்டர். கடலுக்கு மேலே 25 மீட்டர் உயரத்தில் போகிறது. சிங்கப்பூர்ப் பக்கத்து ஸ்டேஷன் உட்லண்ட்ஸ் நார்த் வரைக்கும் ஐந்தே நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்தாயிரம் பேர். அந்தப் பத்தாயிரத்தில் ஒருத்தன் போதும் எனக்கு.

பிறகு நடைபாதையில் நின்று, சிங்கப்பூருக்கான கடற்பாலத்துக்குப் போகும் மோட்டார்களைப் பார்த்தோம். மத்தியானத்திலேயே அந்தக் கூட்டம். ஒன்றன் பின்னால் ஒன்றாக, மழைக்கோட்டு போட்டவனும் போடாதவனும். இவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து "போதும் வாங்க" என்றாள்.

கண்ணாடி 280 வெள்ளி. கூலாயில் 190க்கு முடிந்திருக்கும்.

சனிக்கிழமை. சங்கிலியைப் பார்க்கவில்லை.

16 நவம்பர், ஞாயிறு

சிறுவயதில் அப்பா என்னைச் சிங்கப்பூருக்கு ரயிலில்தான் கூட்டிப் போவார். தஞ்சோங் பகார் ஸ்டேஷன் சுவரில் உயரத்தில் பெரிய பெரிய சித்திரங்கள். நெல் நடுகிறவர்கள், கப்பல், ஈயம் எடுக்கிறவர்கள், பால் மரம் சீவுகிறவர்கள். அப்பா அந்தப் பால்மரத்துக்கு நேராக என்னை நிறுத்தி, "பாத்தியா, நம்மளத்தான் எழுதி வச்சிருக்கான்" என்பார். வெளியே போய் அதே அப்பா டாக்சிக்காரனிடம் ஐந்து காசுக்குச் சண்டை போடுவார்.

2011 ஜூன் 30 ராத்திரி அந்த ஸ்டேஷனிலிருந்து கடைசி ரயில். ஜொகூர் சுல்தானே ஓட்டி வந்தார். இப்போது அவர்தான் மாமன்னர். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அப்போது இல்லை.

புக்கிட் சாகார் சுவரில் என்ன எழுதுவார்களோ. மோட்டாரை எழுத மாட்டார்கள்.

18 நவம்பர், செவ்வாய்

மழை 64. மழைக்கோட்டின் ஒரு கை கிழிந்திருக்கிறது. நேற்றே பார்த்தேன், சொல்ல மறந்தேன்.

19 நவம்பர், புதன்

ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது கேட்டேன், ரயில் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்று. "ஆறுக்குன்னு சொல்றாங்கப்பா." சரி, ஆறு. அவனுக்கு வேலை ஏழு மணிக்கு. ஐந்து நிமிடப் பயணம், ஆறே காலுக்குள் உட்லண்ட்ஸ். அங்கிருந்து அவன் வேலை பார்க்கும் செனோக்கோவுக்கு பஸ். தாராளமாகப் போகலாமே என்றேன்.

"மொத ரயில்ல எத்தன பேரு ஏறுவான்னு நெனக்கிறீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நெரிசல் நேரத்தில் நாலு நிமிடத்துக்குள் அடுத்த ரயில் வந்துவிடும், பேப்பர் கட்டிங்கில் இருக்கிறது. எடுக்கவா என்று எழுந்தேன். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் இவள், ரசத்தை ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்: "ஏங்க, அந்த ஸ்டேசன் வரைக்கும் அவன் எதுல போவான்?"

யாரும் பேசவில்லை. கூலாயிலிருந்து புக்கிட் சாகார் முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். மோட்டாரில்தான்.

நாலு மணி ஐந்து மணியாகும். கடற்பாலம் போகும், ஸ்கூடாய் ரோடு அப்படியே இருக்கும். ஏழு வருஷமாகக் கட்டிங் சேர்க்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தெட்டு வருஷம் தோட்டத்தில் கிராணி, கணக்கர், வேலை பார்த்தவன், பெயர் விட்டுப்போகாமல் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எழுதியவன். சொன்னால் சிரிப்பார்கள்.

20 நவம்பர், வியாழன்

4.00. பேசவில்லை.

22 நவம்பர், சனி

நானே ஸ்பேனர் எடுத்துச் சங்கிலியை இறுக்கினேன். "அப்பா, வுடுங்கப்பா" என்று ஓடி வந்தான். கூடுதலாக இறுக்கிவிட்டேனாம். மறுபடி தளர்த்தினான்.

25 நவம்பர், செவ்வாய்

மழை 71.

8.40க்கு வர வேண்டியவன் 10.15க்கு வந்தான். செனாய் பக்கம் வழுக்கி விழுந்திருக்கிறான். முட்டி உரிந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. வேறொன்றுமில்லை என்று அவனே நாலு தடவை சொன்னான். இவள் மஞ்சள் அரைத்தாள், மருமகள் வேண்டாம் மாமி, மருந்து இருக்கிறது என்றாள். அதில் ஒரு சின்ன உரசல். நான் வெளியே போய் மோட்டாரைப் பார்த்தேன். பக்கக் கண்ணாடி ஒன்று இல்லை. சங்கிலி நன்றாக இருக்கிறது.

26 நவம்பர், புதன்

லீவு போடச் சொன்னேன். போட்டால் அலவன்ஸ் போய்விடும் என்றான். 4.15.

29 நவம்பர், சனி

ஜேபியில் வீடு பார்க்கிறார்கள். வாடகைக்கு. ஸ்டேஷனுக்கு நடந்தே போகும் தூரத்தில். மருமகள்தான் இவளிடம் சொல்லியிருக்கிறாள், இவள் என்னிடம் சொல்கிறாள், அவன் என்னிடம் சொல்லவில்லை.

ரயில் வருவதற்கு முன்னாலேயே வாடகை வந்துவிட்டதாம். இரண்டு அறைக்கு அவர்கள் சொல்லும் பணம் என் கடைசிச் சம்பளத்தைவிட அதிகம். சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்குகிறவன் கொடுப்பான், ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கிடைக்கிறதே.

சரி, இதைத்தானே கேட்டேன். மோட்டார் வேண்டாம் என்று கேட்டேன். கொடுத்துவிட்டார்கள்.

பேரனுக்கு ஜேபியில் எந்தத் தமிழ்ப்பள்ளி பக்கம் என்று இவள் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்.

30 நவம்பர், ஞாயிறு

மழைமானியைப் பேரன் எட்டி உதைத்துவிட்டான். இன்றைக்குக் கணக்கு இல்லை.

3 டிசம்பர், புதன்

கார்த்திகை. வாசலில் வைத்த விளக்கெல்லாம் மழையில் அணைந்தது. இவள் ஐந்து முறை ஏற்றினாள், ஆறாவது முறை உள்ளே எடுத்து வந்து மோட்டார் நிறுத்தும் இடத்தில் வரிசையாக வைத்தாள். அவன் 9.20க்கு வந்து, நிறுத்த இடமில்லாமல் ரோட்டிலேயே நனைந்துகொண்டு நின்றான். எல்லாரும் சிரித்தோம்.

6 டிசம்பர், சனி

இவளுக்கு வேறு ரயில் பைத்தியம். 12ஆம் தேதியிலிருந்து இ.டி.எஸ் மின்சார ரயில் ஜேபி வரைக்கும் வருகிறது. கிம்மாசிலிருந்து 192 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் ஒருவழியாக முடிந்தது. கோலாலம்பூரில் இருக்கும் கே.எல். சென்ட்ரலுக்குச் சுமார் நாலரை மணி நேரம். ராவாங்கில் இருக்கும் மகள் வீட்டுக்கு இனி பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் போகலாம் என்று இன்றே முறுக்கு மாவு திரிக்கக் கொடுத்துவிட்டாள். இந்த மகிழ்ச்சியைக் கெடுக்கக்கூடாது என்று நானும் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டேன்.

அவனுக்கு இந்த ரயில் உதவாது. நாலு மணிக்கு எவன் ஓட்டுவான்.

8 டிசம்பர், திங்கள்

4.05. மழை 19.

பழைய தோட்டத்துப் பக்கம் போனேன். எங்கள் லயன் வீடுகள் இருந்த இடத்தில் செம்பனையும் இல்லை, மண் வெட்டி வீடு கட்டுகிறார்கள். போர்டில் ஸ்டேஷன் இத்தனை நிமிடம், சிங்கப்பூர் இத்தனை நிமிடம் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. நிமிடத்தை எதில் கணக்குப் பண்ணினார்களோ, மோட்டாரிலா?

10 டிசம்பர், புதன்

அவனே சொன்னான். பிப்ரவரியில் போகிறார்கள். "வீடு கெடைக்கிறப்பவே புடிக்கணும்பா, ரயில் வந்தப்புறம் கெடைக்காது." நான் நல்லது என்றேன். "நீங்களும் வாங்களேன்" என்றான். ஜேபியில் மழைமானி எங்கே வைப்பது என்று கேட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

11 டிசம்பர், வியாழன்

முறுக்கு இரண்டு டின். ஒன்று ராவாங்குக்கு, ஒன்று அவனுக்காம். ராத்திரி நன்றாகக் கொட்டுகிறது.

12 டிசம்பர், வெள்ளி

3.50. அவன் எழுந்துவிட்டான், குளிக்கும் சத்தம். மழை விடவில்லை. இவளும் எழுந்து பிளாஸ்கில் காப்பி ஊற்றுகிறாள். கிழிந்த மழைக்கோட்டை நேற்றே தைத்து வைத்தேன், எங்கே வைத்தேன் என்று