"துட்டு எங்கவே கெடக்கு?"

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறேன். முதல் சில வருடங்கள் என் வேலை ஜிஎஸ்டி தாக்கல், மாதக் கடைசியில் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், வருடக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸ், அவ்வளவுதான். ஒரு மார்ச் மாதம், பிசான (மாசி, பங்குனி அறுவடை) நெல் லாரி லாரியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, ஆலை முதலாளியிடம், "இந்த வருசம் லாபம் நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "லாபம்னு சொல்லுதீரு, நாளைக்கு நெல்லுக்குக் குடுக்கத் துட்டு எங்கவே கெடக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் தபால் வழியில் நிதி மேலாண்மை படிக்கச் சேர்ந்தேன். பாடத்தில் வரும் உதாரணங்கள் எல்லாம் பெரிய பெரிய கம்பெனிகள், எனக்கு ஒட்டவே இல்லை. நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம், என்ற பாடத்தை எங்கள் ஆலைக் கணக்கில் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நெல் வாங்கி அரிசியாக வெளியே போகச் சராசரி 70 நாள், கடைக்காரர் பணம் தர 30 நாள், விவசாயிக்கு நாங்கள் கொடுப்பதோ ஒரு வாரத்துக்குள். ஆக, 100 நாளில் அந்த 7 நாள் போக, நெல்லுக்குக் கொடுத்த ஒரு ரூபாய் திரும்பி வர 93 நாள். லாபம் பொய்யில்லை, அது குடோனில் மூட்டையாகவும் கடைக்காரர் பேரேட்டில் பாக்கியாகவும் கிடந்தது.

அப்புறம் கேரளாவிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்தார். மாதம் நாலு லோடு, அதாவது ஒரு லட்சம் கிலோ, கிலோ 42 ரூபாய்க்குப் போவதை 42.75-க்கு எடுத்துக்கொள்கிறேன், ஆனால் 90 நாள் தவணை என்றார். மாதம் 75,000 ரூபாய் கூடுதல் என்றதும் அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. நான் எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: வழக்கத்தைவிட 60 நாள் கூடுதலாகப் பணம் வெளியே நிற்கும், மாதம் 42 லட்சம் சரக்கு என்றால் 84 லட்சம், வங்கிக் கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 84,000. சீட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். "அப்ப 9,000 ரூவா நம்ம கையிலேருந்துல்லா போவுது" என்றார். வட்டியாவது பரவாயில்லை, அறுவடை நேரத்தில் வங்கி கொடுக்கும் கடன் லிமிட் முழுக்க அடைபட்டு நெல்லே வாங்க முடியாமல் போயிருக்கும், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

இன்னொன்றும் சொன்னேன். எங்களைப்போல் பதிவு பெற்ற சிறுதொழிலிடம் சரக்கு வாங்குபவர், 2006-ம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுதிக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டித் தவணை வைக்க முடியாது. 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தபின், அந்தக் கெடுவைத் தாண்டிய தொகையைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் அவர் செலவாகக் காட்ட முடியும். இதை நான் எடுத்துச் சொன்னபோது அந்த வியாபாரி சண்டை போடவில்லை, தன் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டார். 45 நாள் தவணை, கிலோவுக்கு 40 பைசா கூடுதல், மாதம் இரண்டு லோடு என்று முடிந்தது. கூடுதல் 15 நாளுக்கு வட்டி 21 பைசா போக, 19 பைசா நிற்கிறது.

இப்போது நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் கலர் சார்ட்டர் மிஷினை மாற்றும் பேச்சு ஓடுகிறது. நேற்று கொட்டேஷனை நீட்டியதும் அண்ணாச்சி விலையைப் பார்க்கவில்லை. "போட்ட காசு எத்தன வருசத்துலவே திரும்பும்?" என்றார். கரண்ட் பில்லையும் கழிவு அரிசிக் கணக்கையும் எடுத்துக்கொண்டு இன்று ராத்திரி உட்கார வேண்டும்.