ஹிஜ்ரி 72-ஐப் படிக்கக் கற்றது

பி.ஆர்க். முடித்துச் சில வருஷம் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு இங்கிலாந்தில் இஸ்லாமியக் கலை வரலாற்றில் முதுகலை படிக்கக் கிளம்பியபோது வாப்பா கேட்டது ஒன்றுதான்: "முடிச்சா என்ன வேலை வாப்பா கிடைக்கும்?" அந்தக் கேள்விக்கு இந்தக் கட்டுரையிலும் பதில் கிடையாது. படிப்பு எப்படி இருக்கும், எதற்குத் தயாராகிப் போகவேண்டும் என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

விண்ணப்பம், ஐஇஎல்டிஎஸ், விசா எல்லாம் மற்றப் படிப்புகளுக்கு உள்ளதுதான். ஏன் இந்தப் படிப்பு என்று எழுதித்தரச் சொல்வார்கள். நான் எங்கள் கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலின் கல் தூண்களைப் பற்றி எழுதினேன். கோயில் தூண் செதுக்கும் மரபில் வந்த கைவேலை. உருவங்கள் இருக்காது, பூவும் கொடியும் இருக்கும். அதுவரை எனக்கு அது வெறும் ஊர்ப்பெருமை. எட்டாம் நூற்றாண்டு டமாஸ்கஸிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது என்பது படிக்கப் போன பிறகே தெரிந்தது.

இஸ்லாமியக் கலை என்றால் நம்மவர்கள் உடனே தாஜ்மகாலைத்தான் நினைப்பார்கள். நான் எடுத்த பிரிவு அதற்கு ரொம்ப முந்தியது. தாஜ்மகாலுக்கு 1632-இல் வேலை தொடங்கியபோது ஜெருசலேமின் குப்பத்துஸ் ஸக்ராவுக்கு (புனிதப் பாறைக்கு மேல் கட்டிய குவிமாடம்) 940 வயது. கலீஃபா வம்சங்களான உமையாக்களும் முதல் அப்பாஸியர்களும் ஆண்ட முந்நூறு ஆண்டுகள்தான் பாடம். டமாஸ்கஸ், ஜோர்தான் பாலைவனம், ஈராக்கின் சமர்ரா, துனிசியாவின் கைரவான், ஸ்பெயினின் குர்துபா.

ஆனால் முதல் சில வாரங்களுக்குப் பள்ளிவாசலே கண்ணில் படவில்லை. ரோமானியக் குளியல் கூடம், பைசாந்திய (கிழக்கு ரோம) தேவாலயம், சாசானியப் பாரசீக அரண்மனை என்றே வகுப்பு போனது. கூடப் படித்தவர்களில் சிலர் சலித்துக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் அதுதான் நியாயமான வரிசை. சிரியாவைக் கைப்பற்றிய அரபுகள் கட்டட வேலைக்கு வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? அந்த மண்ணில் தேவாலயம் கட்டிப் பழகிய கொத்தனார்தான் இருந்தார். குப்பத்துஸ் ஸக்ராவின் குவிமாட விட்டம் ஏறக்குறைய 20 மீட்டர். அதே ஊரில் இருக்கும் புனிதக் கல்லறைத் தேவாலயத்தின் குவிமாடமும் கிட்டத்தட்ட அதே அளவு.

அந்தக் கட்டடத்தின் தரைப்படத்தைக் கையால் வரைவது முதல் பயிற்சி. ஆட்டோகேடில் சில நிமிஷ வேலை, ஆனால் பேராசிரியை காம்பஸும் அடிமட்டமும் தவிர எதையும் தொடக்கூடாது என்றார். பாறையைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குள் இரண்டு சதுரங்கள், ஒன்றுக்கொன்று 45 பாகை திருப்பி. அந்தப் பக்கங்களை நீட்டிக்கொண்டே போனால் அவை வெட்டும் புள்ளிகளில் தூண்வரிசையின் எண்கோணம் தானாக வந்து நிற்கிறது. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் கே.ஏ.சி. கிரெஸ்வெல் விளக்கிய கணக்கு இது. கட்டடக்கலை படித்தவர்களுக்கு இந்தத் துறையில் ஓர் அனுகூலம் உண்டென்றால் இதுதான்: மற்றவர்கள் படமாகப் பார்ப்பதை நாம் கயிறும் முளைக்குச்சியுமாகப் பார்ப்போம்.

வரைந்து முடித்ததும் அடுத்த கேள்வி வந்தது, வருஷம் முழுக்க விடவே இல்லை: "எதை வைத்துச் சொல்கிறாய்?" காலண்டரில் பார்க்கும் அந்த நீல ஓடுகள் அதைக் கட்டிய உமையா கலீஃபா அப்துல் மலிக் கண்டவை அல்ல. அவர் காலத்தில் வெளிச்சுவரிலும் மொசைக் இருந்தது. ஓடு 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் ஒட்டியது, அதையும் 20ஆம் நூற்றாண்டில் மாற்றிவிட்டார்கள். குவிமாடம் 1016-இல் இடிந்து விழுந்து மறுபடி கட்டப்பட்டது. அப்படியானால் கட்டடம் 691-ஐச் சேர்ந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

உள்ளே போகவேண்டும். தூண்வரிசையின் மேல்விளிம்பில் ஏறக்குறைய 240 மீட்டர் நீளத்துக்குப் பொன் எழுத்தில் ஒரு கல்வெட்டு ஓடுகிறது. கல்வெட்டு என்று பழக்கத்தில் சொல்கிறேன், எல்லாம் கண்ணாடிச் சில்லு. அதைப் படங்களிலிருந்து வாசிப்பதுதான் இரண்டாம் பயிற்சி. நான் சின்ன வயதில் மதரசாவில் குர்ஆன் ஓதியவன், அரபு எழுத்து தெரியும் என்ற தெம்பில் உட்கார்ந்தேன். கூஃபி என்ற பழைய அரபு எழுத்து வடிவில் அந்தத் தெம்பு ஒரு வரிகூட நகரவில்லை. ஜேர், ஜபர் என்ற உயிர்க்குறிகள் கிடையாது. புள்ளிகளும் அபூர்வம். பா, தா, நூன் எல்லாம் ஒரே பல்லாக நிற்கின்றன. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே நாம் எதிர்பார்க்கும் இடைவெளி இல்லை.

வழி காட்டியது மனப்பாடம். கோணல்மாணலாக நின்ற எழுத்துகளுக்குள் 'அஹத்' என்று ஓரிடத்தில் தட்டுப்பட்டது. அடுத்தது 'அஸ்ஸமத்' ஆக இருக்கவேண்டும் என்று வாய் தானாகச் சொன்னது, இருந்தது. குல் ஹுவல்லாஹு என்று தொடங்கும் குர்ஆனின் சின்ன சூராவை (அத்தியாயத்தை) முழுசாகப் பிடித்துவிட்டேன். அதிலிருந்து இந்த மீம் இப்படி, இந்த லாம் இப்படி என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டு மர்யம் சூராவின் வசனங்களுக்குப் போனேன். ஈசா நபியை, அதாவது இயேசுவைப் பற்றியவை அங்கே நிறைய; கிறிஸ்தவ நகரத்தின் நடுவில் எழுதியது என்பதை நினைவில் வைத்தால் ஏன் என்று புரியும். எங்கள் வகுப்பில் அரபு இலக்கணம் என்னைவிட நூறு மடங்கு தெரிந்த ஆங்கிலேய மாணவி ஒருத்தி இருந்தாள். ஓதிய பழக்கம் இல்லாததால் அவளுக்கு அன்று அது சிரமமாக இருந்தது. மதரசாவில் ஓதிக்கொடுத்த லெப்பையின் பிரம்புக்கு முதன்முறையாக நன்றி சொன்னேன்.

கல்வெட்டின் கடைசியில்தான் விஷயம். கட்டியவர் பெயர் வரும் இடத்தில் அப்பாஸியக் கலீஃபா மஃமூன் என்றிருக்கிறது. அவர் ஆண்டது 813 முதல் 833 வரை. தொடர்ந்து வரும் ஆண்டோ, இஸ்லாமிய ஹிஜ்ரிக் கணக்கில், 72 என்று எழுத்தாலேயே எழுதியிருக்கிறது. அப்துல் மலிக்கின் பெயரை எடுத்துவிட்டுத் மஃமூனின் பெயரைப் போட்டவர்கள் ஆண்டை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். பெயர் உள்ள பகுதியில் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது படத்திலேயே தெரிகிறது. ஹிஜ்ரி 72 என்பது 691 நடுவில் தொடங்கி 692 நடுவில் முடிகிறது, அதனால் 691/692 என்று எழுதவேண்டும். அது கட்டி முடித்த ஆண்டா, தொடங்கிய ஆண்டா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு.

டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலுக்கு இதே கேள்வியைக் கேட்டபோது பாடம் கட்டடத்தை விட்டுப் பாப்பிரஸ் என்ற நாணல்தாளில் எழுதிய கடிதங்களுக்குத் தாவியது. மொசைக் வேலைக்கு கிழக்கு ரோமப் பேரரசரிடமே அப்துல் மலிக்கின் மகன் கலீஃபா வலீத் ஆள் கேட்டார் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நல்ல கதை. ஆனால் எகிப்தின் கோம் இஷ்காவில் 1901-இல் கிடைத்த கடிதங்கள் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டவை. எகிப்தின் ஆளுநர் குர்ரா பின் ஷரீக், பஸிலியோஸ் என்ற உள்ளூர் அதிகாரிக்கு அனுப்பியவை. டமாஸ்கஸ் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பு, ஜெருசலேம் அரண்மனைக்கு ஆள் அனுப்பு, அவர்களுக்குப் படி கொடு என்று கறாராகக் கேட்கிறார். பல கடிதங்கள் கிரேக்கத்தில் இருக்கின்றன. முஸ்லிம் ஆளுநர், கிறிஸ்தவ அதிகாரி, கிரேக்கக் கடிதம், பள்ளிவாசல் வேலை! இதைப் படித்த இரவு ஊர்த் தூண்களைப் பற்றி நான் எழுதியிருந்ததை எடுத்து மறுபடி வாசித்தேன்.

கோடையில் ஜோர்தான். போகிறவர்கள் ஜோர்தான் பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இரவுக்குக் குறையாமல் தங்கினால் விசாக் கட்டணம் மிச்சம். பாலைவனக் கோட்டைகளுக்கு வண்டி பேசித்தான் போகவேண்டும்.

அம்மானுக்குக் கிழக்கே, அஸ்ரக் போகும் நெடுஞ்சாலையோரம் குஸைர் அம்ரா. சின்னக் கட்டடம். ஒரு வரவேற்புக்கூடம், அதை ஒட்டிக் குளியலறைகள், வெளியே கிணறு. லாரிகள் இரைந்துகொண்டு போகின்றன. உள்ளே நுழைந்தால் சுவரெல்லாம் ஓவியம்: வேட்டை, குளிக்கும் பெண்கள், வாத்தியம் வாசிக்கும் கரடி, கல்லுடைக்கும் தொழிலாளிகள். இஸ்லாமியக் கலையில் உருவமே கிடையாது என்று நினைப்பவர்களை ஒருமுறை இங்கே அழைத்துவரவேண்டும். பள்ளிவாசலில் இல்லை, குர்ஆன் பிரதியில் இல்லை. அரண்மனையில் தாராளமாக இருந்தது. வெந்நீர் அறையின் குவிமாடத்தில் ராசி மண்டலம். நட்சத்திரக் கூட்டங்கள் இடவலம் மாறி நிற்கின்றன, வான்கோளத்தை வெளியே இருந்து பார்த்து நகலெடுத்ததுபோல.

காலம் கணிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மேற்குச் சுவரில் ஆறு அரசர்கள் நிற்கிறார்கள். கைசர் (ரோமப் பேரரசர்), கிஸ்ரா (பாரசீக அரசர்), நஜாஷி (எத்தியோப்பிய அரசர்), ஸ்பெயினின் ரோடரிக் என்று நால்வர் பெயரை அரபிலும் கிரேக்கத்திலும் படிக்க முடிந்திருக்கிறது. ரோடரிக் அரபுகளிடம் தோற்றது 711-இல். உமையாக்கள் வீழ்ந்தது 750-இல். ஆக, இடைப்பட்ட 40 ஆண்டுக்குள் வரைந்தது. அறிஞர்கள் நெடுங்காலம் அங்கேதான் நின்றார்கள். 2012-இல் சுவரைச் சுத்தம் செய்தபோது வலீத் பின் யஸீத் என்ற பெயர் வெளிப்பட்டது. டமாஸ்கஸ் பள்ளிவாசலின் வலீத் அல்ல, பின்னால் வந்த இன்னொருவர். கலீஃபா பட்டம் கூட இல்லை. அவர் பட்டத்துக்கு வந்தது 743. இளவரசராக இருந்தபோதே கட்டியிருக்கிறார் என்று முடிச்சு இறுகிவிட்டது.

அதே வலீத் பின் யஸீதுக்கு உரியதென்று சொல்லப்படும் முஷத்தா அரண்மனை அம்மான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதன் முகப்பு பெர்லினில். ஹிஜாஸ் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1903-இல், ஒட்டோமான் சுல்தான் அப்துல் ஹமீது அதை ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்முக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். வாசலுக்கு இடப்பக்கம் சிங்கமும் பறவையும் கொடிகளுக்குள் நிறைந்திருக்கும், வலப்பக்கம் வெறும் கொடி. வலப்பக்கச் சுவருக்குப் பின்னால் பள்ளிவாசல் இருந்தது என்பதே பலர் சொல்லும் காரணம். அந்த முகப்பு இருக்கும் பெர்கமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரிலிருந்து பழுதுபார்ப்புக்காக முழுசாக மூடிக்கிடக்கிறது. நான் அதற்கு முன்பே போய்விட்டேன். இப்போது போக நினைப்பவர்கள் திறந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

வெளிநாடு போகாமலே தொடங்கலாம். ஆர்க்நெட் தளத்தில் படங்களும் ஆய்விதழ்களும் இலவசம். கிரெஸ்வெல் எடுத்த புகைப்படங்களை ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஜெர்மனோ பிரெஞ்சோ ஒன்றைக் கொஞ்சமாவது படித்துவிட்டுப் போங்கள். முதல் தலைமுறை அகழாய்வு அறிக்கைகளில் பாதி அவற்றில்தான். கூஃபி வாசிக்க 240 மீட்டர் கல்வெட்டில் தொடங்காமல் அப்துல் மலிக்கின் ஹிஜ்ரி 77 தினாரை, அந்தப் பொற்காசை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கலிமா என்ற நம்பிக்கை வாசகம், மறுபக்கம் அதே 'அல்லாஹு அஹத்'. ஆண்டு ஓரத்தில் சுற்றி ஓடும். எண்ணைத் தேடாதீர்கள், எழுத்தில் இருக்கும்.