நியூசிலாந்தின் தெற்குத் தீவை இளைஞர் பேருந்தில் கடப்பது

தெற்குத் தீவுக்கு விமானத்தில் சென்று, குயின்ஸ்டவுனில் இறங்கி, மூன்று நான்கு இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் மிகுதி. அவர்கள் பார்ப்பதும் அழகிய காட்சிகளைத்தான். ஆனால் அந்த அழகு எதனால் உண்டாகிறது என்பது, தீவின் வடகிழக்கில் உள்ள பிக்டன் துறைமுகத்தில் ஏறி, மேற்குக் கரையோரமாக நெடுந்தூரம் சென்று, மலைத்தொடரைக் குறுக்கே கடந்து, கிழக்கே கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கும்வரை பேருந்தின் சன்னலோரம் அமர்ந்திருந்தால்தான் விளங்குகிறது. 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களை எண்ணி நடத்தப்படும் அத்தகைய குழுப் பயணம் ஒன்றில் நானும் சென்றுவந்தேன். அதில் ஆழப் பதிந்தவற்றை, போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வடக்குத் தீவின் வெலிங்டனிலிருந்து பிக்டனுக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். குக் நீரிணையின் அலைகளைத் தாண்டியபின், கடைசி ஒரு மணி நேரம் காடடர்ந்த குன்றுகளுக்கு நடுவே அமைதியான நீரில் கப்பல் செல்லும். கரையில் பேருந்து காத்திருந்தது. இவ்வகைப் பேருந்துகளில் ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருக்கிறார். எங்கள் ஓட்டுநர் ஒரு பள்ளத்தாக்கு வருவதற்குச் சற்று முன்னதாக மைக்கில் பேசத் தொடங்குவார். அது கண்ணில் பட்டதும் பேச்சை நிறுத்திவிடுவார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் பார்க்க விட்டுவிடும் அந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன். அவ்வப்போது அட்டையில் செருகிய தாள் ஒன்று முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கைவரை கைமாறி வரும். அன்றிரவு விடுதியில் படுக்கை வேண்டுவோர், மறுநாள் படகில் செல்வோர், மலையேறுவோர் எனத் தனித்தனிக் கட்டங்கள் அதில் இருக்கும். பெயரை எழுதிக் கொடுத்தால், அடுத்த நிறுத்தத்தில் ஓட்டுநரே தொலைபேசியில் பதிவு செய்துவிடுவார். தனியாக வந்தவர்களே எங்களில் பெரும்பான்மையினர். முன்பின் அறியாத ஒருவரோடு பேச்சைத் தொடங்குவதற்கு, அந்தத் தாளை நீட்டி "நீங்கள் எதில் சேரப்போகிறீர்கள்?" என்று கேட்பதே போதுமானதாக இருந்தது.

மேற்குக் கரையில் முதலில் நின்று பார்த்த இடம் புனகைகி. சுண்ணாம்புப் பாறைகள் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்தவைபோல் கடலோரம் நிற்கின்றன. கடல்மட்டம் உயரும் நேரத்தில் மட்டும், அடியில் உள்ள குகைகளுக்குள் அலை புகுந்து, பாறை இடுக்குகளின் வழியே உறுமலோடு மேலே பீய்ச்சியடிக்கிறது. ஓட்டுநர் அன்று கடல் ஏறும் நேரத்தைப் பார்த்தே காலையில் புறப்படும் நேரத்தை முடிவு செய்திருந்தார்.

அங்கிருந்து தெற்கே செல்லச் செல்ல மழை கூடிக்கொண்டே வந்தது. ஃபிரான்ஸ் ஜோசப் பனியாற்றின் அடிவாரச் சிற்றூரில் நாங்கள் தங்கிய நாள் முழுவதும் மழை ஓயவில்லை. பனியாறு வேகமாகப் பின்வாங்கிக்கொண்டிருப்பதால், முன்போல் பள்ளத்தாக்கின் வழியே நடந்துசென்று பனியின்மேல் ஏற முடிவதில்லை. 2012க்குப் பிறகு ஹெலிகாப்டரில் சென்று இறங்கினால்தான் உண்டு. மழையில் ஹெலிகாப்டர் பறக்காது என்பதால், பதிவு செய்திருந்த அனைவரும் விடுதியில் கூடிவிட்டோம். விடுதியின் பொதுச் சமையலறையில் எல்லோருடைய உணவுப் பைகளும் ஒரே குளிர்பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பையிலும் பெயரும் புறப்படும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். அன்று மாலை அந்தச் சீட்டுகளை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜெர்மானியர் ஒருவரின் உருளைக்கிழங்கும், அயர்லாந்துப் பெண்கள் இருவரின் வெண்ணெயும், எங்கள் அரிசியும் சேர்ந்து எல்லோருக்கும் ஒரே உணவாயின. ஹெலிகாப்டர் பயணம் நடந்திருந்தால் நாங்கள் ஒரு குழுவாகியிருக்கச் சில நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

இந்தப் பயணத்தின் தலையாய பகுதி எது என்று கேட்டால், பெயர்பெற்ற இடங்கள் எதையும் சொல்லமாட்டேன். ஹாஸ்ட் கணவாயைக் கடந்த அந்தப் பகலைச் சொல்வேன். டாஸ்மன் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்குக் காற்று, கரையை ஒட்டிச் சுவராக எழும் தென் ஆல்ப்ஸ் மலைகளில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, தன் நீரையெல்லாம் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. அதனால்தான் ரிமு, கஹிகாடியா மரங்களில் பாசியும் பெரணியும் தொங்கும் அடர்ந்த மழைக்காடு கடலோரம்வரை இறங்கி வந்திருக்கிறது. மலைக்கு அப்பால் மத்திய ஒடாகோ வட்டாரம் இருப்பதோ மழை மறைவுப் பகுதியில், அதாவது நீரை இழந்த காற்று மட்டுமே வந்துசேரும் வறண்ட பக்கத்தில். பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடத்தில் படித்துத் தேர்வெழுதி மறந்த இந்தச் செய்தி, அன்று கண்ணெதிரே நிலமாக விரிந்தது.

ஒடாகோவை மேற்குக் கரையோடு இணைக்கும் இந்தச் சாலை 1965இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்குமுன் ஒடாகோவிலிருந்து ஃபிரான்ஸ் ஜோசப் பக்கம்வரை இவ்வழியே தொடர்ச்சியான சாலை கிடையாது. கணவாயின் உயரம் 564 மீட்டர்தான். காலையில் ஏறியபோது சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது, இருபுறமும் அருவிகள். உச்சியைத் தாண்டி மகரோரா பக்கம் இறங்கியதும் பீச் மரக்காடு மெல்லமெல்ல விலகியது, மேகம் பிளந்தது, பழுப்புநிறப் புல் மூடிய குன்றுகளின் நடுவே வனாகா ஏரி நீண்டு கிடந்தது. சில நிமிடங்கள் கழித்து, ஒரு மேட்டைத் தாண்டியவுடன் மறுபுறம் ஹாவியா ஏரி. ஏறும்போது மேலங்கியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் மதிய உணவுக்கு இறங்கியபோது கண்கூசும் வெயிலில் நின்றோம். ஒரு மலைமுகட்டுக்கு அப்பாலும் இப்பாலும் இரண்டு வேறு நாடுகள் இருப்பதாகவே தோன்றியது. விமானத்தில் வருபவருக்கு இந்த மாற்றம் கிடைப்பதில்லை என்பதே என் வருத்தம்.

குயின்ஸ்டவுன் சாகச விளையாட்டுகளின் ஊர். அதைப்பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஊருக்கு வரும் வழியில் கவாராவ் ஆற்றுப் பாலம் இருக்கிறது. உலகில் நிரந்தரமாக நடத்தப்படும் வணிகமுறை பஞ்சி ஜம்ப் (நெகிழும் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு குதிப்பது) 1988இல் இங்குதான் தொடங்கியது. குதிக்கும் உயரம் 43 மீட்டர். எங்களில் குதித்தவர்களுக்கு எடையைப் பார்த்து, புறங்கையில் மையால் எழுதினார்கள். கயிற்றின் வகையை அதைக்கொண்டே தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு கணுக்காலில் சாதாரணத் துவாலையைச் சுற்றி, அதன்மேல் பட்டையை இறுக்குகிறார்கள். வழியெல்லாம் அதிகம் பேசாமல் வந்த கொரிய மாணவி ஒருத்தி பலகையின் விளிம்பில் நீண்ட நேரம் நின்றாள். பார்வை மேடையிலிருந்து பேருந்தில் வந்த அனைவரும் அவள் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தோம். அவள் குதித்து, ஆற்றில் கைபட்டு எழும்பியபோது நாங்கள் எழுப்பிய ஆரவாரம், குதிக்காதவர்களுக்கும் அந்த நாளில் பங்கு தந்தது.

குயின்ஸ்டவுனிலிருந்து, செங்குத்து மலைகளின் நடுவே கடல் உட்புகுந்து கிடக்கும் மில்ஃபோர்ட் சவுண்டுக்குச் சாலைவழி ஏறத்தாழ 290 கிலோமீட்டர். போக மட்டுமே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் ஹோமர் சுரங்கப்பாதை. 1935இல் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வேலை தொடங்கி, பனிச்சரிவுகளில் உயிர்களைப் பலிகொடுத்து, 1954இல் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். 1.2 கிலோமீட்டர் நீளம். சுவர்களுக்குப் பூச்சு இல்லை, வெட்டிய பாறை வெட்டியபடியே நிற்கிறது, மேலிருந்து நீர் சொட்டுகிறது, தரை மில்ஃபோர்டை நோக்கிச் சரிவாக இறங்குகிறது. நெரிசலான நேரங்களில் ஒரு திசைக்கு மட்டுமே வழிவிடுவதால், வாயிலில் சிவப்பு விளக்கில் காத்திருந்தோம். அப்போது கியா என்னும் மலைக்கிளி ஒன்று, பச்சை உடலோடு தத்தித் தத்தி வந்து, முன்கண்ணாடியைத் துடைக்கும் கருவியின் ரப்பரைக் கொத்தியிழுக்கத் தொடங்கியது. சிறகை விரித்தபோது அடிப்புறத்தில் தீக்கொழுந்தின் செந்நிறம். உணவு எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஓட்டுநர் கண்டிப்பாகச் சொன்னார். மனிதர் தரும் தின்பண்டங்களுக்குப் பழகிய கிளிகள் சாலையிலேயே சுற்றி வண்டிகளில் அடிபட்டுச் சாகின்றன. அழிவின் விளிம்பில் உள்ள பறவை அது.

மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மத்திய ஒடாகோவின் அலெக்சாண்ட்ராவிலோ 400 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. நாங்கள் சென்ற நாளில் மைட்டர் சிகரம் மேகத்தில் மறைந்திருந்தது. அஞ்சலட்டைகளில் வரும் நீலவானம் கிடைக்கவில்லையே என்று சிலர் மனம் சோர்ந்தார்கள். ஆனால் அங்கே மழைநாளே நல்ல நாள் என்று உறுதியாகச் சொல்வேன். செங்குத்தான கருங்கல் மலைகளில் நீரை உறிஞ்சிக்கொள்ள மண் கிடையாது. பெய்த மழை பெய்த உடனே வெள்ளிக் கோடுகளாக இறங்கிவிடுகிறது. வெயில் நாளில் நிலையான அருவிகளாக லேடி போவன், ஸ்டிர்லிங் ஆகிய இரண்டும்தான் பெரிதாகத் தெரியும். மழை பெய்தால் எண்ணவொண்ணாத அருவிகள் பிறந்து, மழை நின்ற சில மணி நேரத்தில் மறைந்துவிடுகின்றன. காற்று வேகமாக அடித்தபோது சில அருவிகள் கீழே வராமலே பாதியில் சிதறிப் புகையாயின. படகு ஸ்டிர்லிங் அருவியின் அடிவரை சென்றது. மேல்தளத்தில் நின்ற யாரும் நனையாமல் திரும்பவில்லை. மலைக்காட்டின் இலைச்சாறு கலந்து கறுத்த நன்னீர், கடல்நீரின்மேல் தனிப்படலமாக மிதந்து வெளிச்சத்தைத் தடுக்கிறது. அதனால் ஆழ்கடலில் வாழவேண்டிய கறுப்புப் பவளம் இங்கே குறைந்த ஆழத்திலேயே வளர்கிறது. மழை இல்லையென்றால் இந்த இடத்தின் உயிர்வாழ்வே வேறாக இருந்திருக்கும்.

கிறைஸ்ட்சர்ச்சை நோக்கித் திரும்பும் வழியில் புகாகி ஏரியின் பால்கலந்த நீலம், பனியாறு அரைத்த பாறைத்தூள் நீரில் மிதப்பதால் வருவது. ஏரிக்கு அப்பால் 3,724 மீட்டர் உயர ஆவோராகி (மவுண்ட் குக்) சிகரம் அன்று முழுதாகத் தெரிந்தது. ஏரிக்கரை ஊரான டெகாபோவில் இரவு வானம் சிறப்பு. அந்த வட்டாரம் 2012இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தெருவிளக்குகள்கூடக் கீழ்நோக்கியே ஒளிர்கின்றன.

போக விரும்புவோருக்கு இரண்டு செய்திகள். மில்ஃபோர்டிலும் மேற்குக் கரையிலும் மணல் ஈக்கள் கடுமையாகக் கடிக்கும். கணுக்காலை மூடும் காலுறையும் பூச்சிவிரட்டியும் கட்டாயம் வேண்டும். மே முதல் நவம்பர் வரை பனிச்சரிவு அபாயத்தால் மில்ஃபோர்ட் சாலையைக் குறுகிய முன்னறிவிப்பில் மூடிவிடுவதுண்டு. ஆகவே அந்த மாதங்களில் செல்பவர்கள் குயின்ஸ்டவுனில் ஓரிரு நாட்களைக் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு, சாலை திறக்கும் நாளில் கிளம்பும் பேருந்தில் இடம் மாற்றிக்கொள்ள வசதியுள்ள பயணச்சீட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது.