மறுபடியும் கிசோ வழியில்

அக்டோபர் 22, நகோயா, ஜப்பான்

வந்து சேர்ந்தாயிற்று. அவர் படுத்ததும் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. 29ஆம் தேதி வரை ஏழு நாள்.

அக்டோபர் 23, மகோமே

நகட்சுகவா வரை ரயில், அங்கிருந்து பஸ். கல் பாவிய அதே ஏற்றம், அதே தண்ணீர்ச் சக்கரம். 2012இல் இந்த ஏற்றத்தை அவர் ஒரே மூச்சில் ஏறினார். நான்தான் பின்தங்கி வந்தேன். இன்றைக்கு நாலு இடத்தில் நின்றார், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கடையைப் பார்க்கிற மாதிரி. நானும் கூட நின்று கடையைப் பார்த்தேன்.

போன தடவை இங்கே வாங்கிய கரடி மணியை, சத்தம் கேட்டுக் கரடி ஒதுங்கிப் போகக் கட்டுகிற மணியை, பையில் கட்டியிருக்கிறார். இத்தனை வருஷம் வீட்டில் எங்கே வைத்திருந்தாரோ, எனக்கே தெரியாது.

அக்டோபர் 24, சுமாகோ

நடந்தே வந்தோம். பஸ்ஸில் போகலாம் என்று ராத்திரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எட்டு கிலோமீட்டர்தானேம்மா, கணவாய் தாண்டிட்டா எல்லாம் இறக்கம்" என்றார். கணவாய் 801 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதுவரைக்கும் ஏற்றம் என்பதைச் சொல்லவே மாட்டார்.

காட்டுப் பாதை குறுகல். நான் முன்னால், அவர் பின்னால். அடிக்கடி திரும்பிப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. அதனால் மணியைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். சீராகக் கேட்டால் நடக்கிறார். இடைவெளி கூடினால் மூச்சு வாங்குகிறது. நின்றே போனால் நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவேன். இன்றைக்கு எத்தனை தடவை கட்டினேன் என்று கணக்கே இல்லை. கரடிக்காகப் பாதை ஓரத்திலும் ஆங்காங்கே பெரிய மணி தொங்குகிறது. போகிறவர்கள் அதை அடித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சத்தத்தில் இவர் மணி அமுங்கிவிடும். அது அடங்கி இது திரும்பக் கேட்கிற வரைக்கும் எனக்கு உயிர் என்னிடம் இருக்காது.

வழியெல்லாம் ஹினோகி மரம். இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முந்திய எடோ காலத்தில் கிசோக் காட்டில் இதில் ஒன்றை வெட்டினால் தலை போகும் என்று போன தடவை கதை கதையாகச் சொன்னவர் அவர். இன்றைக்குப் பேசாமல் வந்தார். சரி என்று நானே சொன்னேன். சிரித்தார்.

பாதி வழியில் அந்தத் தேநீர் வீடு இன்னும் இருக்கிறது. புகை படிந்து கறுத்த உத்தரம், நடுவில் கணப்பு. இன்றும் காசு கேட்காமல்தான் தேநீர் கொடுக்கிறார்கள். அரைமணி நேரம் உட்கார்ந்தோம். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நகங்கள் கொஞ்சம் நீலமாக இருந்தன. குளிராக இருக்கலாம். குளிர்தான்.

சுமாகோ தெருவில் ஒரு மின்கம்பி கண்ணில் படாது, பகலில் கார் வராது. விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று ஊரே கூடி முடிவெடுத்துக் காப்பாற்றிய வீடுகள். இந்த மனிதர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

அக்டோபர் 25, நராய்

மழை. தெரு ஒரு கிலோமீட்டர் நீளம். பாதியில் திரும்பிவிட்டோம்.

அக்டோபர் 26, மட்சுமோட்டோ

ரயிலில் மணியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தார், மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று. எனக்கு வழி முழுக்க ஒரு மாதிரியாகவே இருந்தது.

கறுப்புக் கோட்டை. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். மொத்தம் ஆறு மாடி. படிகள் ஏணி மாதிரி, ஓர் இடத்தில் 61 டிகிரி சரிவு. "நீ போய்ப் பார்த்துட்டு வா, நான் கீழே அகழிப் பக்கம் இருக்கேன்" என்றார். மூன்றாவது மாடியில் ஜன்னலே இல்லை, ஒரே இருட்டு. அதற்கு மேல் ஏற எனக்கு மனசு வரவில்லை. கீழே வந்து, மேலே வரைக்கும் போனேன் என்று சொன்னேன்.

அக்டோபர் 27, கமிகோச்சி

நல்ல நாள். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

1,500 மீட்டர் உயரம், ஆனால் தைஷோ குளத்திலிருந்து கப்பா பாலம் வரை சமதரை. மணி ஒரு தடவைகூட நிற்கவில்லை. லார்ச் என்கிற ஊசியிலை மரங்கள் எல்லாம் மஞ்சள் பூத்திருக்க, பின்னால் ஹோத்தகா சிகரங்கள். 1915இல் யாகெதாகே எரிமலை வெடித்து, ஆற்றை மறித்து உண்டான குளம் இது. அப்போது முழுகிச் செத்த மரங்கள் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். "போன தடவை நிறைய இருந்துதேம்மா, இப்போ கொஞ்சம்தான் இருக்கு" என்றார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "போலாங்க, குளிருது" என்றேன்.

அசூசா ஆற்றுத் தண்ணீரில் கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம். நிஜமாகவே எண்ணினார்.

அக்டோபர் 28, தகயாமா

நாளைக்கு.

அக்டோபர் 29, தகயாமா

நம் ஊரில் பத்து மணி என்றால் இங்கே ஒன்றரை. காலையில் மியாகவா ஆற்றோரச் சந்தைக்குப் போனோம். ஊர்ப் பாட்டிகள் ஊறுகாய், ஆப்பிள் எல்லாம் விற்கிறார்கள். அவர் ஒரு ஆப்பிளைத் துடைத்து எனக்குப் பாதி கொடுத்தார். ருசி தெரியவில்லை.

ஒன்றே முக்காலுக்குப் போன் வந்தது. "நேரில் வாங்க, பேசிக்கலாம்." அவ்வளவுதான்.

நல்ல சேதியாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பார்களே? இல்லை, எல்லாருக்கும் இப்படித்தான் சொல்வார்களோ? குரலில் ஏதாவது தெரிந்ததா என்று நூறு தடவை யோசித்துவிட்டேன். அந்தப் பெண் இருமினாள், அப்புறம்தான் "நேரில் வாங்க" என்றாள். இருமல் எதற்கு? அவரிடம் சொன்னதும் "சரி, நேர்லதானே போகப்போறோம்" என்று கோஹெய் மோச்சி இரண்டு வாங்கினார். வால்நட் அரைத்துத் தடவிய சோற்றுக் கட்டி, தணலில் சுட்டது. இரண்டையும் அவரே சாப்பிட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான், என் பங்கையும் சேர்த்து.

அக்டோபர் 30, ஷிரகவாகோ

ஒரு வீட்டின் கூரையில் ஒரு பக்கம் பச்சைப் பாசி, மறு பக்கம் புதுப் புல். ஊரே சேர்ந்து வேய்வார்களாம். முப்பது நாற்பது வருஷம் தாங்கும். அவர் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு மேட்டுப் பாதையில் முன்னால் போகிறார். மணி கேட்கிறது.